இரண்டு நாள் நடையில்தான் நெடும்பாதை வாழ்கிறது

நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ஹார்லெம் தடத்தில், பாலிங் என்ற சிற்றூரை அடுத்து ஒரு ரயில் நிறுத்தம் இருக்கிறது. மரத்தாலான சிறிய மேடை, ஒரு பெயர்ப்பலகை. அதற்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் இல்லை. 1990இல் திறக்கப்பட்ட அந்த நிறுத்தம் வார இறுதிக்கும் விடுமுறை நாட்களுக்கும் உரியது. வேலை நாட்களில் அங்கே ரயில் நிற்காது. நிறுத்தத்தின் பெயர் அப்பலாச்சியன் டிரெயில். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் சுமார் 3,500 கிலோமீட்டர் காட்டுப் பாதை அந்த இடத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறது. சனிக்கிழமை காலை முதுகுப்பையோடு இறங்கி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, இரவு காட்டில் தங்கி, ஞாயிறு மாலை ஊர் திரும்பித் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காகவே ஒரு பெருநகர ரயில் நிர்வாகம் அந்த நிறுத்தத்தை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பாதையை வாழவைப்பவர்கள் யார் என்று கேட்டால், முழு நீளத்தையும் ஒரே மூச்சில் நடந்து முடிக்கும் சாதனையாளர்களைத்தான் பலரும் சுட்டுவார்கள். அந்தப் பெருமை இரண்டு நாள் நடையாளர்களுக்கே உரியது என்பது என் வாதம். பாதை அவர்களை எண்ணித் திட்டமிடப்பட்டது, அவர்களால் போடப்பட்டது, இன்றும் அவர்கள் உழைப்பில் நிற்கிறது. மலையேற்றப் பாதைகளை இப்போதுதான் முறைப்படுத்தத் தொடங்கியிருக்கும் தமிழ்நாடும் இதைக் கவனிக்க வேண்டும்.

முழுப் பாதையையும் நடப்பவர்களின் கதைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஐந்து முதல் ஏழு மாதங்கள் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு நடக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வருகின்றன, காணொளிகள் லட்சக்கணக்கானோரால் பார்க்கப்படுகின்றன. 2024இல் டாரா டவர் என்ற பெண் முழுப் பாதையையும் 41 நாட்களுக்குள் கடந்தபோது உலகச் செய்தி ஊடகங்கள் அதைக் கொண்டாடின. கொண்டாடப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் படம் வேறு. ஓர் ஆண்டில் இந்தப் பாதையில் கால் வைப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று பாதையின் பராமரிப்பை ஒருங்கிணைக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி மதிப்பிடுகிறது. முழுவதும் நடக்கப் புறப்படுபவர்கள் மூவாயிரம் பேர் அளவில்தான். அவர்களிலும் நால்வரில் ஒருவரே முடிக்கிறார். அதாவது இந்தப் பாதையில் நடக்கும் ஆயிரம் பேரில் ஒருவர்தான் முழு நடைக்குக் கிளம்பியவர். மீதிப் பேரில் பெரும்பாலானோர் ஒரு நாளோ இரண்டு நாளோ ஒரு துண்டை மட்டும் நடப்பவர்கள். அந்த ஆயிரத்தில் ஒருவரை அளவுகோலாக வைத்துப் பாதையைப் புரிந்துகொள்ள முயன்றால், அது எதற்காக இருக்கிறது என்பதே நமக்குப் பிடிபடாது.

இந்தப் பாதையின் யோசனை 1921 அக்டோபரில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எழுதியவர் பென்டன் மெக்கே. வனவியல் படித்தவர், அமெரிக்க வனத்துறையிலும் தொழிலாளர் துறையிலும் பணியாற்றியவர். அந்த இரண்டு துறைகளின் அக்கறையும் அந்தக் கட்டுரையில் சேர்ந்தே இருக்கின்றன. அவர் எழுப்பிய கேள்வி, தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாளைக் கழிப்பவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச ஓய்வு எங்கே, எப்படிச் செலவாகிறது என்பதுதான். எல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற பெரும் தேசியப் பூங்காக்கள் நாட்டின் மேற்கே இருந்தன; மக்களோ கிழக்குக் கரையோர நகரங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கூலித் தொழிலாளியால் மேற்கே போய்வர முடியாது. அப்பலாச்சிய மலைத்தொடரோ நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு நாள் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இடத்தில் இருந்தது. ஆகவே அங்கே பாதை வேண்டும், ஒரு நாள் நடைத் தொலைவில் தங்குகுடில்கள் வேண்டும் என்றார். பாதையோரம் முகாம்களும் கூட்டுப் பண்ணைகளும் வர வேண்டும் என்ற அவருடைய பெரிய கனவு நிறைவேறவில்லை; பாதையும் குடில்களும் மட்டும் வந்தன. ஆனால் பாதையின் அடிப்படை மாறவில்லை. மக்களுக்குப் பக்கத்தில், எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஏறிக்கொள்ளவும் இறங்கிக்கொள்ளவும் வசதியாக அமைந்த பாதை அது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பதை நோக்கி அமெரிக்காவைச் செலுத்திய சட்டம் 1938இல் வந்தது. பாதை முழுமை பெற்றது அதற்கு முந்தைய ஆண்டில். தொழிலாளி போராடிப் பெற்ற ஓய்வு நாளும் அந்த நாளில் போய்வர ஒரு காடும் ஒரே காலத்தில் கிடைத்தன.

பாதை போட்டவர்களும் வார இறுதிக்காரர்களே. நியூயார்க் அருகே பேர் மலையையும் ஆர்டனையும் இணைக்கும் முதல் பகுதி 1923 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பணியை முன்நின்று நடத்திய ரேமண்ட் டோரி ஒரு பத்திரிகையாளர். நடைபயணம் பற்றி நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதிவந்தவர். அவரோடு வேலை செய்தவர்கள் நகரத்து நடைக் குழுக்களின் உறுப்பினர்கள். முழுப் பாதையையும் முதலில் நடந்து முடித்தவர் என்று அறியப்படும் மைரன் ஏவரி, கப்பல் சட்டத்தில் தேர்ந்த வாஷிங்டன் வழக்கறிஞர். அளக்கும் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பகுதி பகுதியாக நடந்து 1936இல் அவர் அதை நிறைவு செய்தார். முழுத் தூரத்தையும் ஒரே பருவத்தில் நடக்க முடியும் என்று ஏர்ல் ஷாஃபர் காட்டியது 1948இல். பாதை முழுமையடைந்து 11 ஆண்டுகள் கழித்து. அவர் சொன்னதைப் பாதை அமைப்பினரே முதலில் நம்பத் தயங்கினார்கள். அப்படி ஒரு பயன்பாடு அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. 1955இல் 67 வயதில் தனியாக முழுப் பாதையையும் நடந்த முதல் பெண் எம்மா கேட்வுட். 1957இல் இரண்டாம் முறை நடந்தார். மூன்றாம் சுற்றைத் துண்டு துண்டாக நடந்து 1964இல் முடித்தார். முழுப் பாதையையும் நடந்தவர்களுக்குக் கன்சர்வன்சி தரும் அங்கீகாரத்தில் ஒரே மூச்சில் நடந்தவர், முப்பது ஆண்டுகளில் நடந்தவர் என்ற வேற்றுமை கிடையாது. எந்த வரிசையில் நடந்தார், எத்தனை காலம் எடுத்தார் என்று அது கேட்பதில்லை.

இரண்டு நாளில் அப்படி என்ன கிடைத்துவிடும்? அந்த அப்பலாச்சியன் டிரெயில் நிறுத்தத்திலிருந்து தெற்கு நோக்கிய நடையையே எடுத்துக்கொள்வோம். தண்டவாளத்தைத் தாண்டியதும் சதுப்பு நிலம். அதன் மேல் தன்னார்வலர்கள் கட்டிய மரப்பலகை நடைபாதை. பிறகு மேய்ச்சல் நிலத்தின் ஓரம். நான்கு கிலோமீட்டர் போனால் சாலையோரம் ஒரு மாபெரும் ஓக் மரம். பலர் கைகோத்து நின்றால்தான் அதன் அடிமரத்தைச் சுற்றிவளைக்க முடியும். அங்கிருந்து பாதை மலைமேல் ஏறுகிறது. மரங்களில் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டைகள் வழி சொல்கின்றன. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் முன்னே திருப்பம் வருகிறது என்று பொருள். பக்கவழிகளுக்கு நீலப் பட்டை. மலையில் முன்பக்கம் திறந்த, மூன்று சுவர் கொண்ட மரக்குடில். முதலில் வருபவருக்கு இடம், கட்டணம் இல்லை. உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம். இரவு தங்குபவர்கள் அதில் எழுதிவைக்கிறார்கள், பின்னால் வருபவர்கள் தண்ணீர் எங்கே வற்றியிருக்கிறது, கரடி எங்கே தென்பட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் நியூக்ளியர் லேக் என்ற ஏரி. அதன் கரையில் தனியார் அணு எரிபொருள் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1972இல் அங்கே வெடிவிபத்து நேர்ந்து புளூட்டோனியம் சிதறியது. பிறகு பாதைக்காக அரசு அந்த நிலத்தை வாங்கியது. கட்டடங்கள் அகற்றப்பட்டு, நிலம் துப்புரவு செய்யப்பட்டது. இன்று நடையாளர்கள் அந்த ஏரிக்கரையை ஒட்டித்தான் போகிறார்கள்.

இந்தச் சிறு துண்டே காட்டின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அப்பலாச்சியக் காடு மனிதக் கை படாத ஆதிக்காடு என்று நினைத்தால் தவறு. 19ஆம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதி மரத்துக்காகவும் கரிக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டப்பட்டது. மிஞ்சிய காட்டின் அரசனாக இருந்த அமெரிக்கச் செஸ்நட் மரத்தை, 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. மடிந்த மரங்கள் முந்நூறு, நானூறு கோடி என்கிறார்கள். 1911இல் வந்த வீக்ஸ் சட்டம், ஆற்றுப் பிடிப்புப் பகுதிகளைக் காக்க மொட்டையடிக்கப்பட்ட மலைகளை அரசு விலைக்கு வாங்க வழி செய்தது. இன்று நடையாளர்கள் பசுமைச் சுரங்கம் என்று கொண்டாடும் காடு, நூறாண்டுகளில் மீண்டெழுந்த காடு. இப்போது ஹெம்லாக் மரங்களை ஒரு நுண்ணிய பூச்சி அழித்துவருகிறது. இந்த மாற்றம் யார் கண்ணில் படும்? ஒரே ஒருமுறை கடந்து போகிறவருக்குக் காடு ஒரு காட்சி மட்டுமே. ஆண்டுதோறும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதே முப்பது கிலோமீட்டருக்குத் திரும்பி வருகிறவருக்குத்தான் போன ஆண்டு நின்ற ஹெம்லாக் இந்த ஆண்டு பட்டுப்போயிருப்பதும், ஓடையில் தண்ணீர் குறைந்திருப்பதும் தெரியும்.

பராமரிப்புக்கு வருவோம், என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். மலைப்பாதையின் முதல் எதிரி மழைநீர். சரிவில் மனிதக் கால் பட்டு மண் இறுகிய தடம், மழை வந்ததும் வாய்க்காலாகிவிடும். இரண்டு மூன்று பருவங்களில் முழங்கால் ஆழத்துக்கு அரித்து, வேர்களையும் கற்களையும் வெளியே தள்ளிவிடும். இதைத் தடுக்கப் பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரக்கட்டையோ பதித்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்தத் தடுப்பின் வாய் சருகால் அடைபடும். யாராவது மண்வெட்டியோடு போய் அதை வாரிவிட்டால்தான் அடுத்த மழையைத் தாங்கும். இப்படி ஆயிரக்கணக்கான தடுப்புகள். சுமார் 1,65,000 வெள்ளைப் பட்டைகள். வண்ணம் மங்கும்போது மறுபடி பூச வேண்டும். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடில்கள், அவற்றின் கழிப்பறைகள். விழுந்த மரங்களை அறுத்து விலக்க வேண்டும். சட்டப்படி இயற்கை நிலையில் விடப்பட்ட பகுதிகளில் மோட்டார் ரம்பம் கூடாது என்பதால், இருபுறமும் ஆள் நின்று இழுக்கும் ரம்பத்தால் அறுக்கிறார்கள். இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவை சுமார் முப்பது தன்னார்வ நடைக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதி. அதற்குள் ஒன்றிரண்டு மைல் வீதம் தனி ஆட்களின் பொறுப்பு. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 6,000 பேர் 2 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் உழைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு முப்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு மூன்று வார இறுதிகளில் அடங்கிவிடும் வேலை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு மரங்களைச் சாய்த்தபோது, வழியைத் திறக்க ரம்பத்தோடு போனவர்களில் இந்தக் குழுக்களின் உறுப்பினர்கள் முன்னணியில் நின்றார்கள்.

முழு நீளத்தையும் நடக்கும் ஒருவர் இந்த உழைப்பின் பயனாளி. அவர் நன்றியுள்ளவராக இருக்கலாம். பிற்காலத்தில் தன்னார்வலராகவும் வரலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மைலின் சருகை வாரப் பக்கத்து ஊரில் வாழ்பவரால்தான் முடியும். சனிக்கிழமைகளில் அங்கே வந்து வந்து அந்த மைலோடு ஓர் உறவு ஏற்பட்டவரால்தான் முடியும். நம் ஊர்ப் பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல்லும் தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் இருந்தன. தொலைதூர யாத்திரிகன் பயன்பெற்றான்; அவற்றை நிறுவிப் பேணியவர்களோ பெரும்பாலும் அந்தந்தப் பகுதிக்காரர்கள். நீண்ட வழி எதுவும் முழு நீளத்தையும் அறிந்த ஒருவரால் காக்கப்படுவதில்லை. தன் பங்கை மட்டும் அறிந்த பல்லாயிரம் பேர் அடுத்தடுத்துக் கைகொடுப்பதால்தான் அது நீடிக்கிறது.

அரசியல் பலமும் இவர்களிடமிருந்தே வந்தது. தொடக்கத்தில் பாதையின் பெரும்பகுதி தனியார் நிலத்தில் வாய்மொழி அனுமதியோடு போனது. நிலம் கைமாறினால், வீடுகள் எழுந்தால், பாதை தார்ச்சாலைக்குத் தள்ளப்பட்டது. 1968இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தேசியப் பாதைகள் சட்டம் இதற்குப் பாதுகாப்புத் தந்தது; 1978இல் வந்த திருத்தம் நிலம் வாங்கப் பணம் ஒதுக்கியது. இன்று பாதையின் 99 விழுக்காட்டுக்கும் மேல் பொதுநிலத்தில் அல்லது பாதுகாக்கப்பட்ட நிலத்தில் இருக்கிறது. கட்டாய நிலமெடுப்புக்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது. அத்தனையையும் தாண்டி 14 மாநிலங்களின் மக்கள் பிரதிநிதிகள் ஒரு நடைபாதைக்காகப் பணம் ஒதுக்கத் துணிந்தார்கள் என்றால், ஒவ்வொருவருடைய தொகுதியிலும் 'இது எங்கள் பாதை' என்று சொல்ல வாக்காளர்கள் இருந்தார்கள் என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. முதலாவது, ஆழம் பற்றியது. மாதக்கணக்கில் காட்டில் இருந்தால்தான் மனம் நகரத்தை உதறும். இரண்டு நாள் போய்வருவது வெறும் உல்லாசப் பயணம் என்பார்கள். நீண்ட நடை தரும் அனுபவம் தனி வகையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆழத்துக்கு அது ஒன்றே வழி அல்ல. வார இறுதிக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு ஆறு முறை நடப்பவர் முழுப் பாதையை முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இருபது ஆண்டுகளிலும் அவர் வாழ்க்கையில் காடு இருந்துகொண்டே இருக்கும்; பிள்ளைகளை அழைத்துப் போவார், முதுமையில் மெதுவாக நடப்பார். ஏழு மாதம் ஊரைவிட்டு விலக யாரால் முடியும் என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். படிப்பு முடித்து வேலையில் சேராதவர், ஓய்வுபெற்றவர், சேமிப்பு உள்ளவர் போகலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவருக்கும், மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்கும் இரண்டு நாளே பெரிது. அவர்களுக்குக் கிடைப்பது குறைந்த தரமான அனுபவம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு, நெரிசல். வார இறுதிக் கூட்டம்தான் பாதையைக் கெடுக்கிறது, குப்பை போடுகிறது, காட்டு விலங்கைக் கலைக்கிறது என்பது. இதில் உண்மை இருக்கிறது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருப்பதால் பேர் மலையின் பழைய தடம் கூட்டத்தின் மிதியில் அகன்று, அரித்துப் பாழானது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு முக்கியமானது. மலையை மூடவில்லை, தடத்தைத் திருத்தி அமைத்தார்கள். தன்னார்வலர்களுக்குக் கல்தச்சு கற்றுக்கொடுத்து, அந்த மலைக் கருங்கல்லையே உடைத்துச் செதுக்கி, நூற்றுக்கணக்கான படிகளைப் பதித்தார்கள். கூட்டத்தைத் தாங்கும் தடம் அமைந்தால் கால்கள் அதைவிட்டு விலகாது. பக்கத்துச் செடிகொடிகள் மீண்டும் தழைக்கும். கொண்டுபோன பொருள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது, குடில்களில் உணவைக் கரடிக்கு எட்டாமல் வைப்பது போன்ற பழக்கங்களும் சொல்லிக்கொடுத்து வருபவையே. பாதை கடந்து போகும் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லை தேவைப்படும் இடத்தில் எல்லை போடத்தான் வேண்டும். ஆனால் வருபவர்களை விரட்டிவிட்டுக் காட்டைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம், அந்தக் காட்டுக்காகப் பேச ஆளில்லாமல் செய்துவிடும்.

மூன்றாவது மறுப்பு இன்னும் கனமானது. காடு வெறும் நடையாளர்களின் இடம் அல்ல. அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். செரோக்கி மக்கள் 1838இல் தென் அப்பலாச்சிய நிலத்திலிருந்து படைபலத்தால் வெளியேற்றப்பட்டார்கள். 1930களில் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா அமைந்தபோது சுமார் 500 மலைக் குடும்பங்கள் வீடிழந்தன. இன்று நடையாளர்கள் அங்கே இடிந்த புகைபோக்கிகளையும் சிறு இடுகாடுகளையும் கடந்து போகிறார்கள். நகரத்து மக்களின் ஓய்வுக்காக மலைவாசிகள் விலை கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு எந்தச் சமாதானமும் போதாது. ஆனால் அந்தத் தவறு நடைபாதை என்ற யோசனையிலிருந்து பிறந்ததல்ல. காட்டையும் அதில் வாழ்பவரையும் பிரித்துவிட்டால்தான் காடு காடாக இருக்கும் என்ற கொள்கையிலிருந்து பிறந்தது. காட்டு மக்களை முதல் உரிமையாளர்களாக ஏற்று, பாதை எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் தந்தால், அதே பாதை அவர்களுக்கு வருவாயும் மதிப்பும் தரும் ஏற்பாடாக முடியும்.

இங்கிருந்து நம் மலைகளுக்கு வருவது இயல்பு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் சென்னை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வார இறுதிக்கு வந்தவர்கள். 23 உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவோடு திறக்கப்பட்டன. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. இவை சரியான தொடக்கங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அப்பலாச்சியா அல்ல. யானை நடமாடும் காட்டில் திறந்த குடிலில் படுக்க முடியாது, வழிகாட்டி இல்லாமல் விடவும் கூடாது. ஆகவே அங்கிருப்பதை அப்படியே இங்கே நட வேண்டும் என்று சொல்லவில்லை. மலைத்தொடர் முழுவதையும் இணைக்கும் ஒரே பாதை வேண்டும் என்றும் கேட்கவில்லை. பாதுகாப்பான, சிறிய, திரும்பத் திரும்ப நடக்கத்தக்க துண்டுகளே நமக்குப் போதும். அப்பலாச்சியப் பாதையும் அதன் பெரும்பாலான நடையாளர்களுக்கு அப்படித்தான் பயன்படுகிறது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, எட்டும் தொலைவும் எட்டும் கட்டணமும். கார் வைத்திருப்பவர் மட்டுமே போக முடிந்த பாதை பொதுப்பாதை ஆகாது. மலையடிவாரத்துக்குச் சனி, ஞாயிறு காலையில் ஓர் அரசுப் பேருந்து போவதும், மாணவர்களுக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சலுகைக் கட்டணம் இருப்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளே ஓய்வு பெறும் லட்சக்கணக்கானோர் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளில் முடியும் நடைகள் அவர்களுக்காக இருக்க வேண்டும். இரண்டாவது, பராமரிப்பில் பங்கு. இன்று நடையாளர் இங்கே வெறும் வாடிக்கையாளர். சீட்டு வாங்கி, நடந்து, படமெடுத்துத் திரும்புகிறார். கோவையிலும் மதுரையிலும் தேனியிலும் உள்ள நடைக் குழுக்களுக்கும் கல்லூரிகளுக்கும் வனத்துறையின் மேற்பார்வையில் ஆளுக்கொரு துண்டை ஒப்படைக்கலாம்: மழைக்கு முன் வடிகால் சரிபார்ப்பது, குப்பை அகற்றுவது, களைச்செடி பரவுகிறதா என்று குறித்துவைப்பது. மூன்றாவது, காட்டு மக்களின் குரல். வழிகாட்டி வேலையோடு நிறுத்திவிடாமல், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கும் கிராம சபைகள் வழியாகத் தடம், பருவம், எண்ணிக்கை ஆகியவற்றைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

நம்மிடம் அதற்கான மனப்பழக்கம் இல்லாமல் இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெங்கும் ஊர்க்காரர்கள் சோறும் நீரும் தருகிறார்கள். வெள்ளியங்கிரி மலைக்குப் பெரும் கூட்டம் ஏறுகிறது. அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கைச் சோதிக்கிறார்கள். நடக்கும் ஆசையும் வழிநடையில் உதவும் ஈகையும் நம் மக்களிடம் நிறையவே உண்டு. தடத்தையும் காட்டையும் தன் பொறுப்பாக ஏற்கும் ஏற்பாடுதான் இன்னும் உருவாகவில்லை. அது அறிவுரையால் உருவாவதில்லை. ஒரே மலைக்கு மறுபடி மறுபடி போகும் வாய்ப்பு கிடைத்தவருக்கே அந்தப் பொறுப்புணர்ச்சி வரும் என்பதற்கு அப்பலாச்சியப் பாதையின் நூறாண்டு சான்று. எனவே ஒரு மலையேற்றத் திட்டத்தின் வெற்றியை எத்தனை சிகரம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை முன்பதிவு என்று அளக்க வேண்டாம். சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மண்வெட்டியை எடுத்தார்கள் என்று வனத்துறை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அந்த இரண்டு எண்களும் கூடுமானால், நம் மலைகளுக்குக் காவல் கூடுகிறது என்று நம்பலாம்.